மேற்கே கடைசி மூன்று வரிசை

என் நைனா,

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். பாடி பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்த உங்கள் சிநேகிதர் இருப்பார். "இன்னாப்பா, பொண்ணு இன்னா எழுதிக்கீது?" என்று எட்டிப் பார்த்தால், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். படித்துவிட்டு நீங்கள் என்மேல் கோபப்படலாம். நீங்கள் மட்டும்தான் படலாம்.

கரண்ட் சாயங்காலமே போய்விட்டது. சமையல்கட்டு அரைச்சுவருக்குப் பின்னால், சிம்னி விளக்கைத் தரையில் வைத்து எழுதுகிறேன். நோட்டுத் தாள் கிழித்தால் அம்மாவுக்குச் சத்தம் கேட்கும். அதனால் உங்கள் பையிலிருந்த ரிப்போர்ட் ஃபாரங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் 'கட்டடத்தின் பெயர்', 'கூரை வகை', 'பார்வையிட்டவர்' என்று அச்சடித்த கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை. தூங்கினால் அம்மாவின் மூச்சு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

புயல் வருகிறது, நைனா. விடிவதற்குள் கரையைக் கடக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஏரிக்கரைக் குடிசைக்காரர்களை மத்தியானமே எங்கள் பள்ளிக்கூடத்து ஷெட்டில் கொண்டுவந்து தங்க வைத்திருக்கிறார்கள். என்னோடு ஒன்பதாவது படிக்கிற செல்வியும் அங்கேதான் படுத்திருக்கிறாள். அந்த ஷெட்டின் கூரை உறுதியாக இருக்கிறது என்று இந்த வருஷ ரிப்போர்ட்டை எழுதியவள் நான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு நேரம் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். நீங்கள் போன பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாதே.

உங்களைக் கொண்டுவந்து கிடத்திய அன்று வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மேலேர்ந்து உயுந்துட்டாரா?" என்பதுதான். கூரைமேல் நடக்கிறவன் கூரையிலிருந்து விழுந்துதான் சாவான் என்று ஊரே முடிவு செய்து வைத்திருந்தது போல. அம்மா ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். "உயல. வேலைய முட்சிக்கினு தானா எறங்கி வந்தாரு. ஏணியச் சாச்சி வெச்சாரு. ஒரு சொம்பு தண்ணி குட்ச்சாரு. அப்டியே ஸ்டூல்ல சாஞ்சிட்டாரு." சித்திரை வெயில். பட்டறை ஷெட்டின் தகரம் அன்றைக்குத் தோசைக்கல் மாதிரி காய்ந்திருந்ததாம். அந்தச் சொம்பை உங்கள் கையில் கொடுத்தது ஏழுமலைச் சித்தப்பா. அதற்குப் பிறகு அவர் யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்து நான் பார்க்கவில்லை. தனக்கு வேண்டிய தண்ணீரைக்கூட அவர் அம்மாவிடம்தான் கேட்கிறார்.

அம்மா இப்போது இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறாள். சட்டைக்குப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. "உங்க நைனாவும் செக்கிங், நானும் செக்கிங்" என்று முதல் நாள் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் காணவில்லை. கூரை பார்க்கிற உங்கள் வேலையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். உங்களோடு பத்து வருஷம் ஏணி பிடித்தவர், ஹூக்கு மாற்றத் தெரிந்தவர், அவரைவிட்டால் யார்? ரிப்போர்ட்டுக்கு முத்திரை குத்துகிற எஞ்சினியர் சாரும் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இப்போது அதுதான் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் வெறுங்காலோடு மேலே போவீர்கள். ஷீட்டின் நடுவில் மிதிக்காமல், ஷீட்டை அடியில் ஓடுகிற இரும்புச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற ஹூக்கு வரிசைமேலேயே அடி வைப்பீர்கள். ஒவ்வொரு ஹூக்கையும் சின்ன ஸ்பேனரால் ஒரு தட்டு. பிறகு கீழே எனக்குக் குரல். "நாலாவது வரிசை, ரெண்டாவது, நல்லாக்கீது. மூணாவது, வாஷர் வெடிச்சிக்கீது. எழுதிக்கினியா?" நான் அட்டையை மடியில் வைத்து எழுதுவேன். உங்கள் கையெழுத்து எஞ்சினியர் சாருக்குப் புரியாது என்பதுதான் காரணம். "என்னய்யா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு. உன் பொண்ணையே எழுதச் சொல்லு" என்று அவர் சொன்ன நாளிலிருந்து எனக்கு அந்த வேலை.

ஹூக்கு ஓட்டையை அடைக்கிற தார் வாஷர் ஏன் வெடிக்கிறது என்று ஒருநாள் கீழேயிருந்து கத்திக் கேட்டேன். "வெயிலுதான். சூட்டுல தாரு காஞ்சி வெடிச்சிடும். வெடிச்ச எடத்துல மய தண்ணி எறங்கும். எறங்கி எறங்கி ஹூக்கோட கயுத்த துரு தின்னுடும். அப்பறம் காத்து வந்து ஒரு இசு இசுக்கும், அவ்ளோதான்" என்று நீங்கள் மேலேயிருந்து கத்தினீர்கள். பக்கத்துக் காம்பவுண்டு வாட்ச்மேன், "இன்னாப்பா, கூரமேல பாடமா?" என்று கிண்டல் செய்தார்.

எல்லாம் முடிந்ததும் ஃபாரத்தைப் பையில் போட்டுக் கயிற்றில் மேலே அனுப்புவேன். நீங்கள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுவீர்கள். இறங்கி வந்து போட்டதே இல்லை. பிறகு ஷீட்டின் பள்ளத்தில் கட்டைவிரலைத் தேய்த்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓர் அழுத்து. பாடியில் இருக்கிற பட்டறைக் கூரையென்றால் கரி. திருவேற்காட்டு ரைஸ் மில் கூரையென்றால் உமித் தூசி. எங்கள் பள்ளிக்கூடத்து ஷெட் என்றால், மேலே வேப்பமரம் கவிந்திருப்பதால் பச்சைப் பாசி. எஞ்சினியர் சார் கையெழுத்தை விட்டுவிட்டு முதலில் அந்த விரல் அடையாளத்தைத்தான் பார்ப்பார். "கையெழுத்து யாரு வேணா போடலாம். இந்த அழுக்கு மேல ஏறினாத்தான் வரும்" என்பார். அதைப் பார்த்துத்தான் அவர் தன் முத்திரையைக் குத்துவார்.

அந்த அழுக்கை நம்பித்தான் இன்று ராத்திரி நாற்பது பேர் படுத்திருக்கிறார்கள், நைனா.

ஆவணி மாசம் பள்ளிக்கூடத்திலிருந்து சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் காட்டுப்பாக்கத்தில் ஒரு கடைக் கூரை பார்த்திருந்தார். ஸ்டூல் போட்டாலே எட்டுகிற உயரம். ஷெட் அப்படி இல்லை, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு லீவு. என்னைத் தவிர யாரும் இல்லை. சித்தப்பா ஏணியைச் சாத்தினார், லுங்கியை மடித்துக் கட்டினார், ஏறினார். மூன்றாவது படியில் நின்றுவிட்டார்.

நான் அட்டையோடு காத்திருந்தேன். ஏணி சுவரில் தடதடவென்று அடித்துக்கொண்டது. காற்று இல்லை. சித்தப்பாவின் கால்கள். அவர் ஏணிக்கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அப்படியே நின்றார். நான் "சித்தப்பா" என்றேன். "இரு கண்ணு, இரு" என்றார். ரொம்ப நேரம் கழித்து இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். முதுகெல்லாம் வியர்வை.

"அண்ணன் சாஞ்ச மாரியே கண்ணுல நிக்குது. கால் வர்ல கண்ணு. அண்ணியாண்ட சொல்லிடாத, இன்னா?"

நான் தலையாட்டினேன். நாங்கள் வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. சித்தப்பா போன வருஷத்து ரிப்போர்ட் நகலைப் பையிலிருந்து எடுத்தார். "இதப் பாத்து அப்டியே எழுது. ஒரு வருசத்துல இன்னா ஆயிடப் போவுது?"

பார்த்து எழுதினேன். கடைசியில் நீங்கள் சொல்லி நான் எழுதியிருந்த ஒரு வரி இருந்தது. 'மேற்கே கடைசி மூன்று வரிசை ஹூக்குகள் இன்னும் ஒரு மழைதான் தாங்கும். அடுத்த வருடம் மாற்ற வேண்டும்.' என் கையெழுத்துதான். அங்கே வந்ததும் பேனா நின்றது.

"அத்த உட்டுடு" என்றார் சித்தப்பா.

"நைனா சொன்னது சித்தப்பா."

"தெரியும் கண்ணு. எழுதினா மாத்தச் சொல்லுவாங்கோ. மாத்தணும்னா மேல ஏறணும். உட்டுடு. மய முடியட்டும், தை மாசம் நானே ஏறி மாத்திடறேன். அதுக்குள்ள கால் சரியாப் பூடும்."

விட்டுவிட்டேன். அந்த இடத்தில் 'அனைத்து ஹூக்குகளும் உறுதியாக உள்ளன' என்று எழுதினேன். சித்தப்பா மரத்தடியிலேயே கையெழுத்துப் போட்டார்.

இதுவரை நடந்ததில் சித்தப்பாவுக்கும் பங்கு உண்டு. இனிமேல் சொல்லப்போவது என்னுடையது மட்டும். சித்தப்பா ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். விரல் வைக்க மறந்துவிட்டார். அல்லது வைக்க மனம் வரவில்லையோ என்னவோ, எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் ஞாபகப்படுத்தினேன். "சித்தப்பா, அழுக்கு வெக்கலியே. எஞ்சினியர் சார் கேப்பாரே." நான் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு நம் வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர் போகிற குழாய் வாய் ஓரமாகப் பாசி இருக்குமே, அதில் கட்டைவிரலைத் தேய்த்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் அழுத்தினேன். உங்களை மாதிரியே கொஞ்சம் சாய்த்து. வேப்பமரத்துப் பாசி நிறத்துக்கு அது அச்சாக ஒத்துப்போயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது, நைனா. சத்தியமாக. ஏதோ கணக்குப் பரீட்சையில் யாருக்கும் வராத விடை எனக்கு மட்டும் வந்த மாதிரி.

அந்த விரல் இல்லாதிருந்தால் எஞ்சினியர் சார் "ஏழுமலை, மேல ஏறினியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். சித்தப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். அந்த ஒரு கேள்வியை வராமல் தடுத்தது என் விரல்.

இன்று சாயங்காலம் அம்மா கொடுத்தனுப்பிய பழைய பாய்களையும் உங்கள் தார்ப்பாயையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பழைய கட்டடத்தில் முழங்கால் தண்ணீர் ஏறிவிட்டதால் மேடான ஷெட்டில்தான் எல்லாரும். குழந்தைகள், மூட்டைகள், ஒரு ஆடுகூட. கிழக்குப் பக்கம் வாசல் வழியாகச் சாரல் அடித்ததால், எல்லாரும் மேற்கு ஓரத்தில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். செல்வி, அவள் அக்கா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரமாக இருந்தாள்.

ஒரு கிழவர் மேலே பார்த்து, "இன்னாமா சத்தம் போடுது, தாங்குமா இது?" என்று கேட்டார். எச்.எம். சார் அவருக்காகவே ஆபீஸ் அறைக்குப் போய், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு காகிதத்தை எடுத்து வந்து எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "இதோ பாருங்க பெரியவரே, கூரை ரிப்போர்ட். இந்த வருஷம் பார்த்தது. ஒவ்வொரு ஹூக்கும் பார்த்திருக்காங்க. பயப்படாம படுங்க."

அரிக்கேன் வெளிச்சத்தில் பச்சையாக என் விரல் தெரிந்தது.

செல்வி என் கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. இன்னா பேயடிச்ச மாரி நிக்கிற? உங்க நைனா ஆளுங்க பாத்த கூர, எங்களுக்கு இன்னா பயம்? உங்க ஊட்டு மொட்ட மாடியவிட இது ஸ்ட்ராங்கு."

அப்போதுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. டப். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டப், டப். மழை விழுகிற சத்தம் வேறு, இது வேறு. ஹூக்கு விட்டுப்போன ஷீட் காற்றில் எழும்பிச் சட்டத்தின்மேல் விழுகிற சத்தம். "கை தட்டுது பாரு, நம்மள கூப்புடுது" என்பீர்களே, அது. நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே கடைசி மூன்று வரிசை. ஷீட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு வானம் திறந்து மூடியது. செல்வி இருந்த இடத்துக்கு நேர் மேலே.

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. வாய் திறந்தேன். எச்.எம். சார் கையில் இருந்த காகிதம் என் பக்கம் திரும்பியிருந்தது. "செல்வி, அந்தாண்ட தள்ளிப் படுடி" என்று மட்டும் சொன்னேன். "அங்க நனையுதுடி லூசு" என்றாள். ஓடி வந்துவிட்டேன். செருப்பு ஒன்று சேற்றில் போய்விட்டது.

சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க நின்று, "சித்தப்பா, ஷெட்டு கை தட்டுது" என்றேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது.

அம்மா, "இன்னாடி ஒளர்ற?" என்றாள்.

"ஷீட்டும்மா. மேக்கால கடைசி மூணு வரிசை. ஹூக்கு போச்சு. கீழ செல்வி படுத்துங்கீறா."

"அதெப்டி போவும்? ஆவணியிலதான ஏழுமல பாத்துட்டு வந்தான். ஏழுமல, நீ பாத்த இல்ல?"

சித்தப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "பாக்கல அண்ணி."

"இன்னா பாக்கல?"

"மேல ஏறல. மூணாவது படிக்கு மேல கால் வர்ல. அண்ணன் போனதுலேர்ந்து வர்ல."

அம்மா ரசச் சட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த அழுக்கு? எஞ்சினியரு என்னாண்டயே சொன்னாரே, 'ஏழுமலை அச்சா அவங்க அண்ணன் மாதிரியே வெச்சிருக்கான்'னு. அது எங்கேர்ந்து வந்துச்சி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"நான்தான் வெச்சேன் அண்ணி" என்றார்.

"அடப்பாவி. ஏறலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்ன அட்சிருப்பனா? பயந்தா பயந்தேன்னு சொல்லு. அவரு வெரல வெச்சி பொய் சொல்லுவியா? அந்த மன்சன் சாவற அன்னிக்குங்கூட மேலயே குந்தினுதானடா கையெயுத்துப் போட்டாரு."

சித்தப்பா கையைக் கழுவினார். டார்ச்சை எடுத்தார். ஒரு யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"எங்க போற?"

"எச்.எம். சாராண்ட சொல்லிட்டு வரேன். ஜனங்கள வெளிய கூட்டணும்."

"சொன்னா நாளிக்கு எவனாவது நம்பளக் கூப்புடுவானா?" என்று அம்மா கேட்டாள். கேட்ட உடனேயே வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு, "போ. ஓடு. நிக்காத" என்றாள்.

அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தைதான். 'அது என் விரல் அம்மா.' அவர் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் வெறுங்காலோடு போய்விட்டார்.

அது எட்டு மணி இருக்கும். இப்போது மணி தெரியவில்லை. விளக்கில் பாதி எண்ணெய் குறைந்திருக்கிறது.

கொஞ்சம் முன்னால் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். சந்தில் ஏணி இல்லை, நைனா. உங்கள் மூங்கில் ஏணி. எப்போதும் ஜன்னல் கம்பியில் கட்டியிருப்போமே, அவிழ்த்த கயிறு மட்டும் காற்றில் ஆடுகிறது. சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவருக்கு ஏணி எதற்கு?

மணல் மூட்டை ஏற்றப் போயிருக்கிறாரா? ஷீட் ஓரத்தில் மணல் மூட்டை வைத்துக் கயிறு கட்டினால் காற்று தூக்காது என்று நீங்கள் ஒருமுறை செய்ததை அவரும்தான் பார்த்திருக்கிறார். ஆனால் நீங்கள் ஏறிய அன்றைக்குக் காற்று ஆரம்பிக்கவில்லை. மழைக் காலத்துப் பாசியில் கால் வைத்தால் வழுக்கும். மூன்றாவது படியில் நடுங்கியவரை இந்த இருட்டில் மேலே அனுப்பியது யார்? அம்மா திட்டியதா? நான் பேசாமல் நின்றதா? உங்களுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னது ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. கூரை மொத்தமாகப் போகாது. முதலில் ஒரே ஒரு ஷீட் போகும். அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே இறங்கும். "உள்ள வந்த காத்துக்கு வெளிய போவ வழி தெரியாது. அது கீயேர்ந்து தூக்கும் பாரு, அப்ப ஒரு ஹூக்கும் நிக்காது." அதைச் சொல்லும்போது நீங்கள் தட்டில் இருந்த அப்பளத்தைக் கீழேயிருந்து ஒரு விரலால் தட்டிக் காட்டினீர்கள். நான் சிரித்தேன்.

எங்கேயோ தகரம் இழுபடுகிற சத்தம். பள்ளிக்கூடம் இருக்கிற பக்கமா? காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. விளக்குச் சுடர் படுத்து எழுந்தது. அம்மா புரண்டு படுத்தாள். "சுமதி, தூங்கு" என்றாள். "தூங்கறேம்மா" என்றேன். இன்றைக்கு இன்னொரு பொய்.

அம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்லலாம்தான். பத்தடி தூரம். ஆனால் அம்மா சித்தப்பாவைத் திட்டிய வார்த்தை இன்னும் இந்த அறையிலேயே இருக்கிறது. 'அவரு வெரல வெச்சி.' அது எனக்கு வரவேண்டியது. சித்தப்பா வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை? காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. நிஜமாகத்தான் சொல்கிறேன். அடி வாங்கிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

செல்வி கையில் அந்தக் குழந்தை. அதற்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

நைனா, நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சித்தப்பா திரும்பி வந்தாலும், வராவிட்டாலும் (இப்படி எழுதக்கூடாது, அடித்துவிடுகிறேன், அவர் வருவார்), முதலில் யார் இந்தக் கதவைத் தட்டுகிறார்களோ அவர்களிடம் நான் சொல்லிவிடுவேன். எழுதிக் காட்ட மாட்டேன், வாயால் சொல்வேன். அம்மா எதிரிலேயே சொல்வேன். எஞ்சினியர் சாரிடமும் நானே போய், அந்தப் பாசி எந்தக் குழாய் வாயிலிருந்து எடுத்தது என்று காட்டுவேன். மேலே நிற்கிறவர் குரல் கேட்காமல் இனி எந்தக் கூரையைப் பற்றியும் ஒரு வரி எழுத மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. விளக்கின்மேல் கை வைத்துச் சொல்கிறேன். சுடுகிறது.

கையெழுத்தை இப்போதே போட்டுவிடுகிறேன். பிறகு எனக்குத் தைரியம் போய்விட்டால்?

இப்படிக்கு,
நீங்கள் மேலேயிருந்து சொல்லச் சொல்லக் கீழே உட்கார்ந்து எழுதிய உங்கள் மகள்,
சுமதி.

பக்கத்தில் விரல் வைக்கவில்லை. நான் எங்கேயும் ஏறவில்லை.

இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. மழை சற்று விட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் காற்று விடவில்லை. சித்தப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் மூன்றாவது படியைத் தாண்டியிருந்தால் நாலாவதில் நீங்கள் நின்றுகொண்டு, "கீய பாக்காத, ஹூக்கு வரிசையப் பாத்து வா" என்று சொல்லுங்கள். அவருக்கு உங்கள் குரல் போதும். அவர் ஷீட்டின் நடுவில் மட்டும் கால்

தட்டுகிறார்கள்.

பலமாக. ஒரு கை இல்லை, நிறையக் கைகள். அம்மா எழுந்துவிட்டாள். "யாரு?" என்கிறாள். "அத்தே, தொறங்க, கொயந்த நனையுது!" செல்வி, நைனா. செல்வி குரல். அவளுக்குப் பின்னால் எத்தனை பேர், தெரு முழுக்கக் குரல். "ஏழுமலைதான் இந்த ஊடு மெத்த ஊடு, மாடி தாங்கும்னு அனுப்ச்சாரு" என்று யாரோ சொல்கிறார்கள். அவர் குரலைக் காணோம். எச்.எம். சார் குரல் கேட்கிறது. ரிப்போர்ட் யார் எழுதியது என்று கேட்கிறார். அம்மா, "எங்க கொய்ந்தனாருதான் சார்" என்கிறாள், நான் போகிறேன், நைனா, அம்மா அடுத்த வார்த்தை சொல்வதற்குள் நான்